‘ஆறு மாசம் பொறு’ என்னும் அறிவுரை

போன மாதம் அக்கா மகள் போன் செய்தாள்.

"மாமா, லேப்டாப் வாங்கணும். ஆனா இப்ப வாங்காதே, ஆறு மாசத்துல புது பிராசசர் வருதுன்னு கிளாஸ்ல எல்லாரும் சொல்றாங்க. வெயிட் பண்ணவா?"

முதுகலைப் புள்ளியியல், முதல் வருஷம். கையில் இருப்பது நான் கொடுத்த பழைய லேப்டாப். "இப்ப வேலையெல்லாம் எப்படிம்மா பாக்குற?" என்று கேட்டேன். "காலேஜ் லேப்லதான் மாமா. அஞ்சு மணிக்குப் பூட்டிடுவாங்க. மிச்சத்தைப் போன்ல பாத்துக்குவேன்" என்றாள். புள்ளிவிவரக் கோப்புகளோடு மல்லுக்கட்ட வேண்டிய பெண், போனில் எதைப் பார்த்துக்கொள்வாள்?

இருந்தாலும் ‘வாங்கிடு’ என்று உடனே சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அவளுடைய நண்பர்கள் சொன்ன அதே அறிவுரையைப் பல வருஷமாக ஊருக்கெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தவன் நான். நண்பர்கள், அலுவலகத்தில் பக்கத்து சீட்காரர், மாடிவீட்டு மாமி என்று யார் கேட்டாலும் ஒரே பதில்தான்: "கொஞ்சம் பொறுங்க, அடுத்த தலைமுறை வரட்டும்." சொல்பவனுக்கு விஷயம் தெரிந்தவன் என்ற பெயர் கிடைக்கும். பணம் செலவாகாததால் கேட்பவருக்கும் நிம்மதி. தப்பாகப் போனால்கூட யாரும் நம்மைத் திட்டப்போவதில்லை. இவ்வளவு பத்திரமான அறிவுரை மேல் எனக்கு இப்போது சந்தேகம் வந்துவிட்டது. அதைத்தான் இந்தக் கட்டுரையில் சோதித்துப் பார்க்கிறேன்.

‘பொறு’ என்ற ஒரு சொல்லுக்குள் நாலு நம்பிக்கைகள் ஒளிந்திருக்கின்றன. புதுசு சொன்ன நேரத்தில் வரும். வந்தால் பழசைவிடத் தெளிவாக நன்றாக இருக்கும். விலை ஏறியிருக்காது. காத்திருக்கும் காலத்தில் நமக்கு ஒன்றும் நஷ்டமில்லை. ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

சொன்ன நேரத்தில் வருமா?

இன்டெல் நிறுவனத்தின் 10 நானோமீட்டர் கதையை எடுத்துக்கொள்வோம். முதலில் போட்ட கணக்குப்படி ‘கேனன் லேக்’ என்ற அந்தத் தலைமுறை 2016 வாக்கில் வந்திருக்க வேண்டும். 2015 ஜூலையில், அது 2017-இன் இரண்டாம் பாதிக்குத் தள்ளிப்போகிறது என்று நிறுவனமே அறிவித்தது. 2018 ஏப்ரலில், பெரிய அளவிலான உற்பத்தி 2019-இல்தான் என்றது. அடுத்த மாதமே பெயருக்கு ஒரு கேனன் லேக் பிராசசர் வெளிவந்தது. இரண்டே கோர், உள்ளிருக்கும் கிராபிக்ஸ் பகுதி முடக்கப்பட்ட நிலை. சாதாரண வாடிக்கையாளர் நம்பி வாங்கக்கூடிய 10 நானோமீட்டர் லேப்டாப்புகள் ‘ஐஸ் லேக்’ என்ற பெயரில் 2019-இன் பிற்பாதியில்தான் கடைக்கு வந்தன.

அதாவது 2015-இல் "10 நானோமீட்டர் வரட்டும்" என்று உட்கார்ந்தவர் நாலு வருஷம் உட்கார்ந்திருப்பார். ஒரு இளங்கலைப் படிப்பே முடிந்திருக்கும்.

இதில் இன்னொன்றும் உண்டு. அந்த நாலு வருஷத்தில் லேப்டாப் உலகில் உருப்படியான ஒரு பாய்ச்சல் நடந்தது. ஆனால் யாரும் காத்திருந்த வழியாக அது வரவில்லை. 2017 ஆகஸ்டில், அதே பழைய 14 நானோமீட்டரில், எட்டாம் தலைமுறை வந்தது. அதற்கு முன்பு மெலிதான லேப்டாப்புகளில் இருந்த ஐ5-7200யு-வில் இரண்டு கோர். புது ஐ5-8250யு-வில் நாலு கோர். இரண்டும் 15 வாட் வகைதான். எல்லாரும் பெரிய வாசலைப் பார்த்துக்கொண்டிருக்கையில் விருந்தாளி கொல்லைப்புறமாக வந்து திண்ணையில் உட்கார்ந்துவிட்டார்.

வந்தது புதுசுதானா?

இரண்டாவது நம்பிக்கை இன்னும் பலவீனமானது. அட்டைப்பெட்டியில் இருக்கும் எண்ணும் உள்ளே இருக்கும் சரக்கும் ஒரே வயதாக இருக்க வேண்டும் என்ற கட்டாயமே கிடையாது.

2019-இல் இன்டெலின் ‘பத்தாம் தலைமுறை’ என்ற ஒரே பெயரில் இரண்டு குடும்பங்கள் விற்பனைக்கு வந்தன. ஐ7-1065ஜி7 புதிய 10 நானோமீட்டர். ஐ7-10510யு பழைய 14 நானோமீட்டர். கடையில் இரண்டுக்கும் "டென்த் ஜென் சார்" என்ற ஒரே பதில்தான்.

ஏஎம்டி நிறுவனமும் சளைத்ததல்ல. ரைசன் 5 7520யு, 7530யு, 7540யு என்று மூன்று எண்கள். ஒரு கண்காட்சியில் அடுத்தடுத்து நிற்கும் சகோதரர்கள் மாதிரித் தெரியும். ஆனால் முதலாவதில் இருப்பது ஜென் 2, இரண்டாவதில் ஜென் 3, மூன்றாவதில் ஜென் 4. மூன்றாம் இலக்கம்தான் உண்மையான கட்டமைப்பைச் சொல்லும். முதல் இலக்கமான 7 வெறும் வருஷக் கணக்கு. ஜென் 2 முதலில் வந்தது 2019-இல். "7000 சீரிஸ் வரட்டும்" என்று காத்திருந்து 7520யு வாங்கியவர், காத்திருக்க ஆரம்பித்தபோதே கடையில் பழசாகிவிட்ட ஒரு கட்டமைப்பைத்தான் புதுப் பெயரில் வீட்டுக்கு எடுத்துப்போயிருப்பார்.

2023-இல் ‘கோர்’, ‘கோர் அல்ட்ரா’ என்று இன்டெல் பெயரை மாற்றியபோதும் இதே கதைதான். கோர் அல்ட்ரா 5 125யு புது வடிவமைப்பு. கோர் 5 120யு முந்தைய தலைமுறையின் மறுபதிப்பு. ‘அல்ட்ரா’ என்ற ஒரு சொல்லில் ஒரு தலைமுறை வித்தியாசம்.

மென்பொருள் வாக்குறுதிகளையும் இதே பட்டியலில் சேர்க்கலாம். 2024 மே மாதம் மைக்ரோசாஃப்ட் ‘கோபைலட் பிளஸ்’ லேப்டாப்புகளை அறிவித்தபோது, ‘ரீகால்’ என்ற வசதியை முக்கியக் கவர்ச்சியாகக் காட்டியது. லேப்டாப்புகள் ஜூன் 18 அன்று விற்பனைக்கு வந்தன. ரீகால் வரவில்லை. பாதுகாப்பு பற்றிய கடுமையான விமர்சனத்துக்குப் பிறகு அது தள்ளிவைக்கப்பட்டு, பொதுப் பயன்பாட்டுக்கு 2025 ஏப்ரலில்தான் வந்தது.

விலை இறங்குமா?

பழைய மாடல் விலை இறங்கும் என்பது பெரும்பாலும் உண்மை. புதுத் தலைமுறை வந்ததும் முந்தைய தலைமுறையைத் தள்ளுபடியில் தள்ளிவிடுவார்கள். காத்திருப்பவருக்கு இருக்கும் நல்ல வாதம் இதுதான். அதில்கூட அவர் வாங்கப்போவது பழசைத்தான் என்பதைக் கவனியுங்கள்.

ஆனால் விலையை பிராசசர் மட்டும் தீர்மானிப்பதில்லை. 2023 ஆகஸ்ட் 3 அன்று இந்திய அரசு லேப்டாப் இறக்குமதிக்குக் கட்டுப்பாடு அறிவித்தது. மறுநாளே அதை நவம்பருக்குத் தள்ளியது. அந்த நடுவாந்திர நாட்களில் வாங்க நினைத்தவர்களின் குழப்பத்தை நினைத்துப்பாருங்கள். 2025 ஆகஸ்ட் 15 அன்று ஜிஎஸ்டி குறைப்பு பற்றிய அறிவிப்பு வந்ததும் "செப்டம்பர் வரைக்கும் பொறுங்க" என்று எனக்குத் தெரிந்த வட்டத்தில் பலர் சொன்னார்கள். செப்டம்பர் 22-இல் பெரிய டிவிக்கு 28 சதவீதம் 18 ஆனது. லேப்டாப்புக்கு 18 சதவீதம் 18 ஆகவே நின்றது. அதே வருஷக் கடைசியில், செயற்கை நுண்ணறிவுக்கான தரவு மையங்கள் நினைவக சிப்களை வாரிக்கொள்ள, ரேம் விலை உலகம் முழுக்க எகிறியது. டிசம்பரில் மைக்ரான் நிறுவனம், சாதாரண வாடிக்கையாளருக்கு ரேமும் எஸ்எஸ்டியும் விற்றுவந்த தன் ‘குரூஷியல்’ வியாபாரத்தையே மூடப்போவதாக அறிவித்தது. பிராசசருக்காகக் காத்திருந்தவருக்கு அடி விழுந்தது ரேமில்.

எதிர்க்கட்சி வாதம்

சரி, காத்திருந்து ஜெயித்தவர்களே இல்லையா? இருக்கிறார்கள். அதைச் சொல்லாமல் விட்டால் நான் நேர்மையாக விமர்சிக்கவில்லை என்று ஆகிவிடும்.

2020 மார்ச்சில் ஆப்பிள், இன்டெல் பிராசசரோடு ஒரு மேக்புக் ஏர் வெளியிட்டது. அமெரிக்க ஆரம்ப விலை 999 டாலர். அதே நவம்பரில், அதே 999 டாலருக்கு, தன் சொந்த எம்1 சிப்போடு இன்னொரு மேக்புக் ஏர். வேகத்திலும் பேட்டரியிலும் அது வேறு ஜாதி. 2025-இல் வந்த மேக்ஓஎஸ் டாஹோ, எம்1 ஏரில் ஓடும். எட்டே மாதம் மூத்த இன்டெல் ஏரில் ஓடாது.

விண்டோஸ் பக்கமும் ஒரு உதாரணம் உண்டு. 2021-இல் வந்த விண்டோஸ் 11, இன்டெலில் பெரும்பாலும் எட்டாம் தலைமுறை முதல்தான் ஏற்றுக்கொள்ளும். 2017 ஜூலையில் ஏழாம் தலைமுறை வாங்கியவர் வெளியே. சில மாதம் பொறுத்து எட்டாம் தலைமுறை வாங்கியவர் உள்ளே. விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14 அன்று முடிந்தபோது அந்தச் சில மாதங்களின் மதிப்பு தெரிந்தது.

இந்த இரண்டையும் கொஞ்சம் உற்றுப் பாருங்கள். விண்டோஸ் விஷயத்தை 2017-இல் யாரும் கணித்திருக்க முடியாது. அது அதிர்ஷ்டம், அறிவுரை அல்ல. ஆப்பிள் விஷயம் வேறு. சொந்த சிப்புக்கு மாறப்போகிறோம் என்று 2020 ஜூன் 22 அன்று ஆப்பிளே மேடையேறிச் சொன்னது, அந்த வருஷ முடிவுக்குள் முதல் மேக் வரும் என்றும் சொன்னது. ஆகவே ஜூலையில் வாங்கப்போனவர் பொறுத்திருக்கலாம். ஆனால் மார்ச்சில் வாங்கியவர் செய்தது தப்பில்லை. இந்தியாவில் மார்ச் 25-இல் ஊரடங்கு. வீட்டிலிருந்து வேலை பார்க்க லேப்டாப் தேவைப்பட்டவருக்கு "நவம்பர் வரை பொறு" என்று சொன்னால் எட்டு மாதம் சம்பளத்துக்கு எங்கே போவார்?

இதிலிருந்து எனக்குக் கிடைக்கும் அளவுகோல் எளிமையானது. தயாரிப்பவரே தேதியோடு அறிவித்திருக்க வேண்டும். வரப்போவது என் குறையைத் தீர்ப்பதாக இருக்க வேண்டும். அதுவரை என் வேலை நடக்க வேண்டும். மூன்றும் சேர்ந்தால் பொறுக்கலாம். ஒன்று குறைந்தாலும் அது காத்திருப்பு இல்லை, தள்ளிப்போடல். அலை எப்ப ஓய்வது, தலை எப்ப முழுகுவது?

குறை எங்கே இருக்கிறது?

அக்கா மகளிடம் ஒரு வேலை சொன்னேன். வழக்கமான வேலையைச் செய்யும்போது டாஸ்க் மேனேஜரைத் திறந்து ஒரு படம் எடுத்து அனுப்பு என்றேன். அனுப்பினாள். நினைவகம் 94 சதவீதம். டிஸ்க் 100 சதவீதம். பிராசசர்? 19 சதவீதம்.

பிராசசர் கையைக் கட்டிக்கொண்டு சும்மா நிற்கிறது. 4 ஜிபி ரேமும் சுழலும் ஹார்ட் டிஸ்க்கும்தான் மூச்சுவாங்குகின்றன. இவளுக்கு வகுப்பே கூடிச் சொன்ன யோசனை, புது பிராசசருக்காகக் காத்திரு என்பது! பல்வலிக்காரனிடம் நல்ல செருப்பு வரும் வரை பொறு என்பது மாதிரி.

எஸ்எஸ்டி மட்டும் மாற்றினால் போதாதா என்று கேட்கலாம். நல்ல கேள்வி. பல பழைய லேப்டாப்புகளுக்கு அது போதும், முதலில் அதைத்தான் யோசிக்க வேண்டும். ஆனால் இதில் ரேம் போர்டோடு பற்றவைக்கப்பட்டது, கூட்ட வழியில்லை. பேட்டரி போய்விட்டது, திரையின் கீலும் உடைந்துவிட்டது. இனிமேல் வருவனவற்றிலும் பலதில் இதே நிலைதான். இன்டெலின் கோர் அல்ட்ரா 200வி வரிசையில் ரேம் பிராசசர் பொதிக்குள்ளேயே இருக்கும், 16 அல்லது 32 ஜிபி, அவ்வளவுதான். வாங்கும் நாளில் எடுக்கும் ரேம் முடிவு கடைசி நாள் வரை கூட வரும்.

நான் காத்திருந்த கதை

அவளிடம் இருக்கும் அந்த லேப்டாப்பைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். நான் ஒன்றரை வருஷம் காத்திருந்து, 2018 தொடக்கத்தில் வாங்கியது அது. புதுத் தலைமுறை ஐ7 வேண்டும் என்று பட்ஜெட்டை எல்லாம் பிராசசரில் கொட்டி, ரேமிலும் டிஸ்க்கிலும் மிச்சம்பிடித்தேன். இன்றுவரை அந்த பிராசசர் முழுசாக வேலை பார்த்து நான் பார்த்ததில்லை.

2016 கோடையில் மதுரையில் ஒரு பெரியவரைச் சந்தித்திருந்தேன். நாற்பது வருஷம் ஈய எழுத்து கோத்தவர். பதினோரு மணி நேரம் பேசினார், பதிவு செய்தேன். திரும்பத் திரும்பக் கேட்டு எழுத வேண்டிய வேலை. அப்போது என்னிடம் இருந்த பொடி லேப்டாப்பில் ஒலிக்கோப்பையும் எழுதும் கோப்பையும் சேர்த்துத் திறந்தால் இரண்டும் உறைந்துவிடும். "புது லேப்டாப் வந்ததும் உட்காருவோம்" என்று வைத்துவிட்டேன். நோட்டில் பேனாவால் எழுதியிருக்கலாமே என்பீர்கள். எழுதியிருக்கலாம்தான். காத்திருப்பதில் ஒரு சுகம் இருக்கிறது. ஒன்றும் செய்யாமல் இருப்பதையே புத்திசாலித்தனமான முடிவு மாதிரி காட்டும்.

2018-இல் எழுத உட்கார்ந்தேன். ஏழாவது மணி நேரத்தில், எழுத்துப் பெட்டியின் ஒரு அறைக்கு அவர்கள் வைத்திருந்த பெயரைச் சொல்கிறார். அந்த நேரம் பார்த்து வாசலில் ஒரு வண்டி போகிறது. இருபது தடவை கேட்டும் பிடிபடவில்லை. கேட்கலாம் என்று போன் செய்தேன். அவர் மகன் எடுத்தார். அப்பா போய் நாலு மாசம் ஆச்சு என்றார்.

என் குறிப்பில் அந்த இடத்தில் இன்னும் கேள்விக்குறிதான் இருக்கிறது. இதில் எந்த நிறுவனத்தின் மேலும் தப்பில்லை, யாரும் எனக்கு வாக்குக் கொடுக்கவில்லை. தள்ளிப்போட்டது நான். ‘பொறு’ என்ற அறிவுரையின் நாலாவது நம்பிக்கைக்கு, காத்திருப்பதில் நஷ்டமில்லை என்பதற்கு, என் பதில் அந்தக் கேள்விக்குறிதான்.

அக்கா மகளுக்கு மறுநாள் போன் செய்தேன். "16 ஜிபி ரேம், 512 ஜிபி எஸ்எஸ்டி, கண்ணுக்கு உறுத்தாத திரை, பக்கத்து ஊரிலேயே சர்வீஸ். பிராசசர் போன தலைமுறையா இருந்தாலும் பரவாயில்ல, எண்ணை மட்டும் எனக்கு அனுப்பு, பார்த்துச் சொல்றேன்" என்றேன்.

"அடுத்த மாசமே புதுசு வந்துட்டா என்ன மாமா பண்றது?"

"வரட்டும்மா. நீ அதுக்குள்ள புராஜெக்ட்டை முடிச்சிருப்ப."

சனிக்கிழமை வாங்கிவிட்டாள். அன்று ராத்திரி பதினொன்றரைக்கு ஒரு வரைபடத்தை அனுப்பி, "மாமா, இந்தக் கோடு ஏன் இப்படி வளையுது?" என்று கேட்டிருந்தாள். லேப் ஐந்து மணிக்கே பூட்டியிருக்கும்.