ஆகஸ்டில் எடுத்த முடிவு

2011 அக்டோபர் 30, ஞாயிற்றுக்கிழமை, செயின்ட் லூயிஸ் நகரத்தில் கார்டினல்ஸ் அணியின் வெற்றி ஊர்வலம். மறுநாளே அந்த அணியின் மேனேஜர் டோனி லா ரூஸா வேலையை விட்டு விலகுவதாக அறிவித்தார். அப்போது அவருக்கு வயது 67. மேனேஜராக 33 சீசன்கள், அதில் கடைசி 16 இதே அணியில். மொத்தம் 2,728 வெற்றிகள். அமெரிக்க பேஸ்பால் வரலாற்றில் அவருக்கு மேலே இரண்டே பேர்தான் இருந்தார்கள்: கோனி மேக், ஜான் மெக்ரா. மெக்ராவைத் தொட இன்னும் 35 வெற்றிகள் போதும். ஒரு சீசனுக்கு 162 ஆட்டம் நடக்கும் விளையாட்டில், ஓரளவு நல்ல அணி அதைப் பாதி சீசனுக்குள் எட்டிவிடும். அதையும் வேண்டாமென்று விட்டுவிட்டுப் போனார். "உச்சியில் இருக்கும்போதே இறங்கிவிட்டார்" என்று எல்லோரும் பாராட்டினார்கள். அவர் விலகியது சரி என்றுதான் நானும் நினைக்கிறேன். ஆனால் அதற்குச் சொல்லப்படும் இந்தக் காரணம் தவறு.

கிரிக்கெட் பார்த்துப் பழகியவர்களுக்கு ஒரு விளக்கம். பேஸ்பாலில் மேனேஜர் என்பவர் பயணச்சீட்டும் ஓட்டல் அறையும் பார்த்துக்கொள்பவர் இல்லை. நம் ஊர் கேப்டன் களத்தில் செய்வதில் பெரும்பகுதியை இவர் டக்அவுட்டில் உட்கார்ந்து செய்கிறார். யார் எந்த வரிசையில் அடிக்க வருவது, பந்து எறியும் பிட்சரை எப்போது மாற்றுவது, அவருக்குப் பதிலாக யாரை இறக்குவது எல்லாமே அவர் முடிவு. வீரர்களைப் போலவே சீருடை போட்டுக்கொள்வார். எட்டு மாதத்துக்கு, கிட்டத்தட்ட தினமும் ஓர் ஆட்டம். மற்ற விளையாட்டுகளில் பயிற்சியாளர் வாரத்துக்கு ஒருமுறை படும் பாட்டை இவர் வாரத்துக்கு ஆறுமுறை படுகிறார்.

இப்போது உச்சி என்ற பேச்சுக்கு வருவோம். பேஸ்பாலில் கோப்பை ஓர் அணியின் உச்சியைக் காட்டுகிறதா? லா ரூஸாவின் கணக்கையே எடுத்துப் பார்க்கலாம். 1988-ல் அவருடைய ஓக்லண்ட் அணி 104 ஆட்டங்களை வென்றது. இறுதிப் போட்டியான உலகத் தொடரில் லாஸ் ஏஞ்சலஸ் டாட்ஜர்ஸிடம் 4-1 என்று தோற்றது. 1990-ல் 103 வெற்றி, சின்சினாட்டியிடம் 4-0. 2004-ல் கார்டினல்ஸோடு 105 வெற்றி. பாஸ்டனிடம் மறுபடியும் 4-0. ஆனால் 2006-ல் வெறும் 83 ஆட்டங்களை மட்டுமே வென்று தட்டுத்தடுமாறி உள்ளே நுழைந்த அணி கோப்பையைத் தூக்கியது. முழு சீசன் ஆடி, இவ்வளவு குறைந்த வெற்றிகளோடு உலகத் தொடரை வென்ற அணி வேறு கிடையாது. அவருடைய சிறந்த அணிகள் துடைத்தெறியப்பட்டன, சாதாரண அணி சாம்பியன் ஆனது. அக்டோபரில் நடக்கும் ஏழு ஆட்டத் தொடர் அப்படிப்பட்டது. 2011 இன்னும் மோசம். ஆறாவது ஆட்டத்தில் டெக்சஸ் ரேஞ்சர்ஸ் கோப்பையை வெல்ல ஒரே ஒரு ஸ்டிரைக்தான் (அடிப்பவர் தவறவிடும் பந்து) பாக்கி என்ற நிலை இரண்டு முறை வந்தது, ஒன்பதாவது இன்னிங்ஸிலும் பத்தாவதிலும். ஒருமுறை டேவிட் ஃபிரீஸ் அடித்த பந்து வலதுபுற ஃபீல்டரின் கைக்கு எட்டாமல் போனது. இன்னொரு முறை லான்ஸ் பெர்க்மன் காப்பாற்றினார். பதினொன்றாவதில் ஃபிரீஸின் ஹோம் ரன்னோடு ஆட்டம் 10-9 என்று முடிந்தது. அந்த இரண்டு பந்துகளில் ஒன்று ஓர் அடி தள்ளி விழுந்திருந்தால் லா ரூஸா தோற்ற மேனேஜர். அப்போது மட்டும் அவர் இறங்கியது பள்ளத்திலிருந்து என்று ஆகிவிடுமா?

அவர் முடிவெடுத்த நாள் எது என்பதில்தான் விஷயம் இருக்கிறது. விலகப்போவதை அவர் அணியின் பொது மேலாளர் ஜான் மோஸெலியாக்கிடம் ஆகஸ்டிலேயே சொல்லிவிட்டார். அந்த மாதக் கடைசி வாரத்தில் கார்டினல்ஸ், பிளேஆஃப் இடத்தில் இருந்த அட்லாண்டாவைவிடப் பத்தரை ஆட்டம் பின்தங்கிக் கிடந்தது. பிளேஆஃப் என்ற பேச்சே சிரிப்பாக இருந்த நேரம். தோற்றுக்கொண்டிருந்த அணியின் நடுவில், தனக்குள் இருந்த பசி தீர்ந்துவிட்டதா என்று ஒரு மனிதர் தன்னையே கேட்டுப் பதிலும் தெரிந்துகொண்டார். பிறகு கோப்பை வந்தது, பதில் மாறவில்லை. கோப்பை கையில் இருக்கும்போது எழும் உணர்ச்சியை நம்பி யாரும் போகவும் கூடாது, இருக்கவும் கூடாது என்பதுதான் என் வாதம். தோல்வியிலும் செல்லுபடியாகிற காரணம் ஒருவரிடம் முன்பே இருந்தால், வெற்றி அதைத் தள்ளுபடி செய்யக் கூடாது. அப்படி ஒரு காரணம் இல்லாவிட்டால், வெற்றி புதிதாக ஒன்றை உண்டாக்கித் தரவும் முடியாது.

பழைய ஏடுகளைப் புரட்டினால் இது தற்செயல் இல்லை என்று தெரியும். கோப்பையை வென்ற கையோடு தானாக விலகிய மேனேஜர்கள் மிகச் சிலரே. 1915, 1916 என்று அடுத்தடுத்து பாஸ்டனுக்கு வென்று தந்த பில் கேரிகன் (இளம் பேப் ரூத் அன்று அவருடைய பிட்சர்) இரண்டாவது கோப்பைக்கு முன்பே விலகலை அறிவித்துவிட்டு, மெய்ன் மாநிலத்தில் தன் சொந்த ஊருக்கு, வங்கித் தொழிலுக்குப் போனார். 1964-ல் இதே கார்டினல்ஸின் ஜானி கீன் செய்தது இன்னும் சுவையானது. சீசன் நடுவில் அவரைக் கழற்றிவிட்டு லியோ டுரோஷரை எடுக்கலாமா என்று முதலாளி கஸ்ஸி புஷ் யோசித்த சேதி கீன் காதுக்கு எட்டிவிட்டது. செப்டம்பர் கடைசியிலேயே ராஜினாமாக் கடிதத்தை எழுதி வைத்துக்கொண்டார். அணி யாங்கீஸை ஏழாவது ஆட்டத்தில் வென்ற மறுநாள், புது ஒப்பந்தத்தை அறிவிப்பதற்காகப் பத்திரிகையாளர்களைக் கூட்டியிருந்த முதலாளியின் கையில் அந்தக் கடிதத்தைக் கொடுத்தார். 1973-ல் ஓக்லண்டின் டிக் வில்லியம்ஸ், உலகத் தொடர் நடந்துகொண்டிருக்கும்போதே, ஜெயித்தாலும் தோற்றாலும் போகிறேன் என்று வீரர்களிடம் சொல்லிவிட்டார். ஓர் ஆட்டத்தில் இரண்டு பிழை செய்த மைக் ஆண்ட்ரூஸை, காயம் என்று கையெழுத்து வாங்கி வெளியேற்றப் பார்த்தார் அணியின் முதலாளி சார்லி ஃபின்லி. அதோடு வில்லியம்ஸின் பொறுமை போயிற்று. நால்வரின் காரணமும் வெவ்வேறு: களைப்பு, தொழில், அவமானம், கோபம். ஒற்றுமை ஒன்றுதான். நால்வருமே கோப்பைக்கு முன் முடிவெடுத்தவர்கள். அந்த 2011-லேயே ஏப்ரலில் மும்பையில் இந்தியா உலகக் கோப்பையை வென்றதும் விடைபெற்ற பயிற்சியாளர் கேரி கிர்ஸ்டனும் குடும்பத்துக்காகப் போவதென்று முன்பே தீர்மானித்திருந்தவர்தான்.

இருந்தவர்களின் கதை என்ன ஆயிற்று? 2015-ல் கன்சாஸ் சிட்டியை சாம்பியன் ஆக்கிய நெட் யோஸ்ட் நான்கு சீசன் கழித்து விலகும்போது, அவருடைய கடைசி இரண்டு சீசன்களின் தோல்விக் கணக்கு 104, 103. 2019-ல் வாஷிங்டனுக்கு முதல் கோப்பையை வாங்கித் தந்த டேவ் மார்டினெஸ் அதன் பிறகு ஒரு சீசனில்கூட தோல்வியைவிட அதிக வெற்றி காணாமல், 2025 ஜூலையில் நீக்கப்பட்டார். இதை வைத்து "அப்போதே போயிருக்கலாம்" என்பது சுலபம். நான் சொல்ல மாட்டேன். கன்சாஸ் சிட்டியின் நட்சத்திரங்கள் ஒப்பந்தம் முடிந்து கலைந்தார்கள். வாஷிங்டன் நிர்வாகம் ஷெர்ஸர், டிரே டர்னர், ஹுவான் சோட்டோ என்று தன் நட்சத்திரங்களை விற்றது. ஆள் இல்லாத அணியோடு யார் உட்கார்ந்திருந்தாலும் நூறு தோல்விதான். 1997-ல் ஃபுளோரிடா மார்லின்ஸ் கோப்பையை வென்ற குளிர்காலத்திலேயே முதலாளி அணியைத் துண்டுதுண்டாக விற்க, மறு ஆண்டு ஜிம் லேலண்ட் 108 தோல்விகளைச் சுமந்தார். மேனேஜர் பார்க்க வேண்டியது அலமாரியில் இருக்கும் கோப்பையை விட முதலாளியின் சம்பளப் பட்டியலை.

ஆனாலும் வென்றவர் தொடர்வதில் ஓர் ஆபத்து உண்டு; அதற்கு சம்பளப் பட்டியலில் விடை கிடைக்காது. கோப்பை வாங்கித் தந்த வீரனிடம் மேனேஜர் கடன்பட்டவராகிவிடுகிறார். வயதாகி வேகம் குறைந்தவனை உட்கார வைக்க மனம் வராது. பாஸ்டனில் 2004, 2007 என்று இரண்டு கோப்பை வென்ற டெர்ரி ஃபிராங்கோனாவின் அணி 2011 செப்டம்பரில் 7 வெற்றி, 20 தோல்வி என்று சரிந்தது. கார்டினல்ஸ் பிளேஆஃபுக்குள் நுழைந்த அதே செப்டம்பர் 28 இரவில்தான் பாஸ்டன் வெளியே விழுந்தது. ஆட்டம் நடக்கும்போதே சில பிட்சர்கள் உடைமாற்றும் அறையில் பீரும் வறுத்த கோழியுமாக இருந்தார்கள் என்று பிறகு செய்தி வந்தது. அந்த அறைக்கு இனி வேறொரு குரல் தேவை என்று ஃபிராங்கோனாவே ஒப்புக்கொண்டு விலகினார். எட்டு ஆண்டு கேட்ட குரல் அது. காதில் விழுவதற்கும் மனதில் விழுவதற்கும் வித்தியாசம் வந்துவிட்டது.

என் வாதத்துக்கு வலுவான மறுப்பு டேவ் ராபர்ட்ஸ். டாட்ஜர்ஸை 2020-ல் வெல்ல வைத்தார். அடுத்த மூன்று சீசன்களில் 106, 111, 100 வெற்றிகள். மூன்று முறையும் அக்டோபரில் அவமானம். அவரை நீக்கச் சொல்லி ரசிகர்கள் கொடி பிடித்தார்கள். 2020-ன் உச்சியோடு போயிருந்தால் 2024, 2025 இரண்டும் அவர் பெயரில் இருந்திருக்காது. 1998 முதல் 2000 வரை வென்ற யாங்கீஸுக்குப் பிறகு வேறு எந்த அணியும் கோப்பையைத் தக்கவைத்ததில்லை. அதைச் செய்தது அவருடைய அணிதான். சான் ஃபிரான்சிஸ்கோவின் புரூஸ் போச்சியும் 2010-ல் விடைபெற்றிருந்தால் 2012-ம் 2014-ம் இல்லை. இந்த உதாரணங்கள் "உச்சியில் இறங்கு" என்ற அறிவுரையைத்தான் உடைக்கின்றன. என் வாதத்தைத் தொடவில்லை. ராபர்ட்ஸுக்குப் பின்னால் செலவழிக்கத் தயங்காத நிர்வாகம் இருந்தது. போச்சியிடம் பஸ்டர் போஸி, மேடிசன் பம்கார்னர் போன்ற இளைஞர்கள் இருந்தார்கள். இருவருக்கும் பசியும் இருந்தது. போக வேண்டிய காரணம் முன்பும் இல்லை, கோப்பைக்குப் பிறகும் இல்லை.

அணியை நட்டாற்றில் விட்டுவிட்டுப் போவது முறையா என்று ஒரு கேள்வி. செயின்ட் லூயிஸ் அதற்கு வேகமாகவே பதில் சொல்லிவிட்டது. லா ரூஸா போனார். அந்த டிசம்பரில் அணியின் நட்சத்திரம் ஆல்பர்ட் புஹோல்ஸும் ஏஞ்சல்ஸ் அணிக்குப் போய்விட்டார். மேனேஜராக ஒரு நாள்கூட இருந்திராத மைக் மெத்தேனியிடம் அணியைக் கொடுத்தார்கள். 2012-ல் உலகத் தொடருக்கு ஓர் ஆட்டம் முன்புவரை, 2013-ல் உலகத் தொடருக்கே. நல்ல அணி மேனேஜர் போவதால் மூழ்குவதில்லை. இன்னொரு மறுப்புக்குத்தான் நான் தலைவணங்க வேண்டும். மேஜர் லீக் பேஸ்பால் முழுவதிலுமே இப்படிப்பட்ட வேலை முப்பதுதான் இருக்கிறது. விட்டால் திரும்பக் கிடைக்கும் என்ற உத்தரவாதம் கிடையாது. லா ரூஸாவுக்குப் பணமும் பெயரும் இருந்தன. முதல் கோப்பையோடு நிற்கும் ஐம்பது வயது மேனேஜரிடம் போய்ப் பெருந்தன்மை பேச முடியாது. போன இடத்தையும் பார்க்க வேண்டும்: ஜானி கீன் தான் தோற்கடித்த யாங்கீஸுக்கே போனார், மூப்படைந்த அந்த அணியோடு 1965-ல் ஆறாவது இடம், மறு ஆண்டு மே மாதத்தில் வேலை போயிற்று, 1967 ஜனவரியில் 55 வயதில் மரணம். விலகியதில் தவறில்லை. ஆத்திரம் தணிவதற்குள் இன்னொரு நாற்காலியில் உட்கார்ந்ததுதான் தவறு.

திரும்பி வந்தவர்களை என்ன சொல்வது? கேரிகன் 1927-ல் பாஸ்டனுக்குத் திரும்பி, மூன்று சீசன் இருந்து, மூன்றிலும் கடைசி இடம் பிடித்தார். லா ரூஸாவும் பத்தாண்டு கழித்து, 76 வயதில், சிகாகோ ஒயிட் சாக்ஸ் அணிக்கு வந்தார். 2021 ஜூன் 6-ல் மெக்ராவின் கணக்கைத் தாண்டினார். அன்று வேண்டாமென்று விட்ட அந்த 35-ஐ இப்போது எடுத்துக்கொண்டார். 93 வெற்றிகளோடு அணி தன் பிரிவில் முதலிடம் வந்தது, முதல் பிளேஆஃப் தொடரிலேயே ஹூஸ்டனிடம் 3-1 என்று தோற்றது. மறு ஆண்டு உடல்நிலை காரணமாக நடுவில் ஒதுங்க வேண்டியதாயிற்று. 2011-ன் முடிவு பொய் என்று இதை வைத்துச் சிலர் சொல்கிறார்கள். பத்தாண்டில் பசி திரும்ப வரக் கூடாது என்று சட்டமா? ஆனால் அந்தத் திரும்புதலால் அவர் பெயருக்கு ஏதும் கூடவில்லை என்பதையும் மறைப்பதற்கில்லை. 2021-ல் அவரை வீழ்த்திய ஹூஸ்டனின் மேனேஜர் டஸ்டி பேக்கர் மறு ஆண்டே 73 வயதில் மேனேஜராகத் தன் முதல் கோப்பையை வென்றார். இதோடு முடித்துக்கொள்ளுங்கள் என்று அவருக்கும் பலர் சொன்னார்கள். இன்னும் ஒரு வருடம் என்று கையெழுத்துப் போட்டார். 2023-ல் உலகத் தொடருக்கு ஓர் ஆட்டம் முன்பு, சொந்த மைதானத்தில், ஏழாவது ஆட்டத்தில் டெக்சஸ் ரேஞ்சர்ஸிடம் தோற்று, சில நாட்களிலேயே ஓய்வை அறிவித்தார். எதிர் டக்அவுட்டில் உட்கார்ந்திருந்தவர், ஓய்வு பெற்று மூன்று சீசன் வீட்டில் இருந்துவிட்டுத் திரும்பியிருந்த புரூஸ் போச்சி. 2011-ல் ஒரு ஸ்டிரைக்கில் நழுவிய கோப்பையை டெக்சஸ் அந்த ஆண்டுதான் வென்றது.