பிரதம மந்திரி விடை சொல்லும் வேளை: கேள்வி நேரத்தை எப்படி ரசிப்பது

கேரளத்தின் வித்துரா போன்ற மலையடிவார ஊர்களில் வாழ்கிறவர்களுக்குப் பார்லிமெண்டும் பிரதம மந்திரியும் எட்டாத தூரத்து விஷயங்கள் என்ற எண்ணம் ஏற்படுவது இயல்பே. ஆயினும், நெடுமங்காட்டை அடுத்த வலியமலையில் ராக்கெட்டுகளுக்குத் திரவ எரிபொருள் என்ஜின்களை உருவாக்கும் நிலையம் விண்வெளித் துறையைச் சேர்ந்தது என்பதையும், அந்தத் துறை தனி மந்திரி எவரிடமும் ஒப்படைக்கப்படாமல் தொடக்கம் முதலே பிரதம மந்திரியின் நேர்ப் பொறுப்பில் இருந்து வருகிறது என்பதையும், ஆகவே அந்த நிலையத்தின் ஒப்பந்தத் தொழிலாளர் ஒருவரின் கூலியைப் பற்றி மக்களவையில் ஒரு வினா எழுந்தால் அதற்குச் சட்டப்படி விடை கூறக் கடமைப்பட்டவர் தேசத்தின் அரசாங்கத் தலைவரே என்பதையும் எண்ணிப் பார்த்தால், டில்லிக்கும் வித்துராவின் பொன்முடிப் பாதைக்கும் உள்ள தூரம் பெரிதும் குறைந்துவிடும். அந்த விடையைக் கேட்கத் தெரிந்த செவி நமக்கு வேண்டும். சங்கீதத்துக்கும் கதகளிக்கும் ரசிகர்களைத் தயாரித்த இந்தத் தேசம், தன்னை ஆளுகிறவர்கள் நின்று பதில் சொல்லும் ஒரு மணி நேரத்துக்கு ரசிகர்களைத் தயாரிக்கவில்லை என்பது என் நெடுநாள் வருத்தம்.

முதலில் எதிர்பார்ப்பைத் திருத்திக்கொள்ள வேண்டும். வாய்வீச்சையும் வாக்குவாதத்தையும் நாடி வருகிறவர் கேள்வி நேரத்தில் ஏமாற்றமே அடைவார். மக்களவையில் காலை 11 மணிக்குத் தொடங்கும் அந்த ஒரு மணி நேரத்துக்கு 20 நட்சத்திரக் குறியிட்ட வினாக்கள் சீட்டுக் குலுக்கலில் தேர்ந்தெடுக்கப்படுகின்றன; ஒவ்வொன்றும் 15 நாட்களுக்குக் குறையாத முன்னறிவிப்போடு தரப்பட்டது; 150 சொற்களுக்கு மேற்படாதது; வாதமோ, ஊகமோ, ஏளனச் சொல்லோ, அவதூறோ அதில் இருத்தலாகாது என்பது விதி. மந்திரிசபையின் துறைகள் வாரத்தின் நாட்களுக்குப் பங்கிடப்பட்டிருக்கின்றன. மக்களவையில் பிரதம மந்திரியின் துறைகளுக்கு வாய்த்தது புதன்கிழமை. சபாநாயகர் பெயரைச் சொல்லி அழைத்ததும் உறுப்பினர் எழுந்து வினாவின் எண்ணை மட்டும் சொல்கிறார். மந்திரி எழுந்து, அறிக்கை அவையின் மேசைமீது வைக்கப்படுகிறது என்று ஒரே வாக்கியம் சொல்லி அமர்கிறார். முதன்முறை பார்க்கிறவருக்கு, இவ்வளவுதானா என்று தோன்றும்.

ஆனால் அந்த அறிக்கை உத்தியோகஸ்தர்கள் எழுதியது. அடுத்த கணத்தில் எழும் துணை வினா ஒருவராலும் முன்கூட்டி அறியப்படாதது. அந்தக் கணத்தில் மந்திரியின் கைகளைக் கவனியுங்கள். அவர் முன்னால் தடித்த கோப்பு ஒன்று இருக்கும். எழக்கூடிய துணை வினாக்களை ஊகித்து இலாகாவினர் எழுதிக் கொடுத்த குறிப்புகள் அதில் தாள் தாளாகச் செருகப்பட்டிருக்கும். பக்கத்து மாடத்தில் அமர்ந்திருக்கும் அதிகாரிகள், வினா காதில் விழுந்த மாத்திரத்தில் துண்டுச் சீட்டில் எதையோ எழுதிச் சேவகரிடம் கொடுப்பார்கள். அந்தச் சீட்டு வந்து சேர்வதற்கு முன்பே நிமிர்ந்து நின்று பேசத் தொடங்குகிற மந்திரி விஷயத்தை அறிந்தவர். கோப்பின் தாள்களைப் புரட்டியவாறே பொதுவாகச் சில வார்த்தைகள் சொல்லிக் காலம் கடத்துகிறவர் சீட்டுக்காகக் காத்திருப்பவர். இந்த வேறுபாட்டை ஒரு முறை கண்டுகொண்டவர் பிறகு எந்நாளும் அதைத் தவறவிட மாட்டார்.

இனி, காதுக்கு வருவோம். கேள்வி நேரத்தைக் கேட்பதற்குத் தமிழ் படித்தவரிடம் ஓர் அரிய கருவி ஏற்கெனவே இருக்கிறது. பள்ளியில் படித்து மறந்த நன்னூலே அது. அறிவினா, அறியாவினா, ஐயவினா, கொளல்வினா, கொடைவினா, ஏவல்வினா என்று வினாவை ஆறாகவும், சுட்டு, மறை, நேர், ஏவல், வினாதல், உற்றது உரைத்தல், உறுவது கூறல், இனமொழி என்று விடையை எட்டாகவும் பவணந்தி முனிவர் வகுத்தார். அந்தப் பகுப்பை மனத்தில் இருத்திக்கொண்டு சபையின் நடவடிக்கையைக் கேட்டுப் பாருங்கள். கலைந்து கிடந்ததாகத் தோன்றிய பேச்சு தெளிவடையும்.

உறுப்பினர் அறியாமையால் கேட்கிறார் என்று எண்ணுவது பாமர வழக்கம். சபையில் எழும் சிறந்த வினாக்கள் அறிவினாக்களே. விடையைத் தான் அறிந்து வைத்துக்கொண்டு, அதை அரசாங்கத்தின் வாயால் சொல்லவைப்பதற்காகக் கேட்கப்படுபவை. இதற்கு நம் சரித்திரத்தில் முந்த்ரா விவகாரத்தைக் காட்டிலும் தெளிவான உதாரணம் இல்லை. ஆயுள் இன்ஷூரன்ஸ் தொழில் தேசிய மயமாகி 1956 செப்டம்பரில் எல்.ஐ.சி. பிறந்த மறு ஆண்டிலேயே, ஹரிதாஸ் முந்த்ரா என்ற முதலாளியின் ஆறு கம்பெனிகளின் பங்குகளில் அது சுமார் 1.24 கோடி ரூபாயை முடக்கியது பற்றி மக்களவையில் கேள்விகள் எழுந்தன. விடாப்பிடியாகத் தொடர்ந்தவர் பெரோஸ் காந்தி. ஆளும் கட்சி உறுப்பினர், பிரதம மந்திரி நேருவின் மருமகன். பங்குகளின் விலை நிலவரம் உள்பட அனைத்தையும் கையில் வைத்துக்கொண்டுதான் 1957 டிசம்பரில் அவர் சபையில் விவாதத்தைத் தொடங்கினார். பதில் சொல்ல நின்றவரும் சாமானியர் அல்லர், நம்மவரான நிதி மந்திரி டி. டி. கிருஷ்ணமாச்சாரி, நிதி நுட்பம் கற்ற மேதை. ஆயினும், கேட்கிறவர் அறிந்தவர் என்பதை விடையளிப்பவர் உணரும்போது ஒவ்வொரு சொல்லும் நிறுத்துப் பேசப்பட வேண்டியதாகி விடுகிறது. நீதிபதி சாக்ளாவின் கமிஷன் நியமிக்கப்பட்டது. பகிரங்க விசாரணை நடந்தது. 1958 பிப்ரவரியில் நிதி மந்திரி பதவி விலகினார். தன் குடும்பத்தவரின் வினா தன் மந்திரிசபையின் தூணையே அசைத்தபோதும் விசாரணைக்கு இசைந்த நேருவின் செய்கையை நான் அந்த அரசாங்கத்தின் பெருமையாகவே கருதுகிறேன்.

கொளல்வினாவுக்கு உதாரணம் தேடி டில்லிக்குப் போக வேண்டியதில்லை. திருவனந்தபுரத்தில் இன்று அய்யன்காளி ஹால் என்று பெயர் மாற்றப்பட்டிருக்கும் விக்டோரியா ஜூபிலி டவுன் ஹாலில்தான் 1904-இல் தொடங்கிய ஸ்ரீமூலம் பிரஜா சபை கூடிற்று. திருவிதாங்கூர் சமஸ்தானத்தின் நிர்வாகத் தலைவரான திவானே அதற்கு அக்கிராசனர். சட்டம் இயற்றும் அதிகாரமற்ற அந்தச் சபையில் பிரதிநிதிகள் தங்கள் குறைகளை எடுத்துரைக்க, திவான் பதில் கூறுவார். 1912-இல் அங்கே எழுந்து நின்ற அய்யன்காளி, திவான் ராஜகோபாலாச்சாரியிடம், புலையர் மக்களுக்குப் புதுவல் எனப்படும் அரசுத் தரிசு நிலம் வேண்டும் என்று கேட்டார். எழுத்தறியாதவர் என்று உலகம் சொன்ன ஒருவர், தன் இனத்தார் பொதுவழியில் நடப்பதற்கே கலகம் செய்ய வேண்டியிருந்த காலத்தில், ராஜ்யத்தின் நிர்வாகத் தலைவரை முகத்துக்கு முகம் பார்த்து நிலத்தையும் பள்ளிக்கூடத்தையும் கேட்டார். கொள்வதற்காகவே கேட்ட வினா அது. அவர் பல ஆண்டுகள் அந்தச் சபையில் தொடர்ந்து இருந்து கேட்டுக்கொண்டே இருந்தார். அந்தச் சபையை அலங்காரம் என்று இகழ்ந்தவர்கள் உண்டு. என் அபிப்பிராயத்தில், கேட்கும் உரிமை சட்டம் செய்யும் உரிமைக்கு முன்பே பிறந்துவிடுகிறது என்பதற்கு அதுவே சாட்சி.

கொடைவினாவைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டாம். ஆளும் கட்சி உறுப்பினர் ஒருவர், அரசாங்கத்தின் நற்பணியை விவரிக்க மந்திரிக்குச் சந்தர்ப்பம் அளிக்கும் பொருட்டு எழுந்து கேட்பார். அந்த நேரத்தில் சபையின் மற்றப் பக்கங்களைப் பார்த்துக் கொண்டிருக்கலாம்.

விடைகளுக்கு வருவோம், ரசனையின் சாரம் இங்கேதான் இருக்கிறது. ஆம் என்னும் நேர்விடையும், இல்லை என்னும் மறைவிடையும் சபையில் அபூர்வம். மிகுதியாகக் கேட்கக் கூடியவை பின்னுள்ள ஐந்து. பொது ஒழுங்கு மாநிலப் பட்டியலைச் சேர்ந்தது, அதைச் சம்பந்தப்பட்ட மாநில அரசுதான் கவனிக்க வேண்டும் என்றால் அது ஏவல் விடை. முன்பிருந்தவர்கள் ஆட்சியில் என்ன நிகழ்ந்தது என்பதை மாண்புமிகு உறுப்பினர் அறிவாரா என்றால் அது வினாவுக்கு வினா. பரிசீலனையில் இருக்கிறது, விவரங்கள் சேகரிக்கப்பட்டு அவையின் முன் வைக்கப்படும் என்றால் அது உறுவது கூறல். இந்த வகையைச் சாதாரணமாக எண்ணி விட்டுவிடாதீர்கள். மந்திரியின் அத்தகைய வார்த்தை ஒவ்வொன்றும் உறுதிமொழியாகக் குறித்துக்கொள்ளப்படுகிறது. மூன்று மாதத்துக்குள் நிறைவேறியதா என்று பின்தொடர்வதற்கென்றே மக்களவையில் 1953 முதல் அரசாங்க உறுதிமொழிக் குழு ஒன்று இயங்கி வருகிறது. சேகரித்து வைப்போம் என்று சொன்ன விவரம் எப்போது மேசைக்கு வந்தது என்று தேடிப் பார்க்கும் வாசகர், சபையில் இருந்த நிருபர்களைக் காட்டிலும் அதிகம் அறிந்தவராகிறார்.

இனமொழியே எல்லாவற்றிலும் நுட்பமானது. கேட்டது ஒன்று; அதற்கு இனமான மற்றொன்றைச் சொல்வது. வேலையின்மை எவ்வளவு என்ற வினாவுக்குப் பயிற்சி நிலையங்கள் எத்தனை திறக்கப்பட்டன என்ற விடை வரும்போது, பலரும் உடனே மழுப்பல் என்று முகம் சுளிக்கிறார்கள். நன்னூலார் அவ்வாறு அவசரப்படவில்லை. பிந்திய ஐந்தையும் அவர் தள்ளிவிடாமல், கேட்ட பொருளை உணர்த்தும் அளவுக்கு அவையும் விடைகளே என்று ஏற்றுக்கொண்டார். கேள்வி நேரத்தின் ரசிகர் கைக்கொள்ள வேண்டிய உரைகல் இதுவே: சுற்றிச் சொன்ன சொல், கேட்ட பொருளைக் கடைசியில் தந்ததா, தராமல் போனதா?

இந்த உரைகல்லில் நேருவை வைத்துப் பார்க்கலாம். பிரதம மந்திரியாக இருந்த 17 ஆண்டுகளும் வெளிவிவகாரத்தையும் தாமே வைத்திருந்தமையால், தேசத்தின் அயல்நாட்டுக் கொள்கை பற்றிய வினாக்களுக்கு அவரே நின்று பதில் சொன்னார். சீன எல்லைத் தகராறு மூண்ட 1959-இல் அவருடைய விடைகள் நீண்டவை, சரித்திரமும் பூகோளமும் தத்துவமும் கலந்தவை, எதிர்க்கட்சியினருக்குச் சலிப்பூட்டியவை. ஆனால் அந்த நீண்ட விடைகளுக்கிடையில், லடாக்கின் அக்சாய் சின் பகுதியூடே சீனா சாலை அமைத்துவிட்டது என்ற உண்மை சபையில் ஒப்புக்கொள்ளப்பட்டது. உறுப்பினர்கள் மேலும் வற்புறுத்தவே, இரு அரசாங்கங்களுக்குமிடையே நடந்த கடிதப் போக்குவரத்து அவ்வாண்டு செப்டம்பரில் வெள்ளை அறிக்கையாகப் பார்லிமெண்டின் முன் வைக்கப்பட்டது. காலந்தாழ்த்திய விடைதான், மறைத்து வைத்திருந்ததற்காக அவரைக் கண்டித்தவர்கள் நியாயமாகவே கண்டித்தார்கள். ஆயினும் கேட்ட பொருள் கடைசியில் வந்து சேர்ந்தது.

பிரிட்டனில் பிரதம மந்திரிக்கென்றே கேள்வி வேளை 1961-இல் நிலைபெற்றது. 1997 முதல் புதன்கிழமை தோறும் அரை மணி நேரம் அவர் தாமே நின்று பதில் சொல்கிறார். நம் மக்களவையிலும் நாள் புதன்தான். ஆனால் இக்காலத்தில் பிரதம மந்திரியின் துறைகளுக்கு இணை மந்திரியே பெரும்பாலும் விடை கூறுகிறார். 2020 செப்டம்பரில், தொற்றுநோயை முன்னிட்டு, ஒரு கூட்டத்தொடர் முழுவதும் கேள்வி நேரமே நடைபெறவில்லை. இரண்டும் நல்லவையல்ல என்பது என் திடமான அபிப்பிராயம். கோப்பைப் புரட்டும் கை தலைவருடையதாக இருக்கும்போதுதான் விடைக்கு முழுப் பொறுப்பு உண்டாகிறது.

வித்துராவாசிகளுக்கு ஆறுதலாக ஒன்று உண்டு. பஸ் தூரத்திலுள்ள கேரள நியமசபையில், ‘சோத்தியோத்தர வேளை’யில், முதலமைச்சர் தம் துறைகளின் வினாக்களுக்குத் தாமே எழுந்து விடை சொல்வதைக் காணலாம். ஜனாதிபதி கே. ஆர். நாராயணன் 1998-இல் திறந்துவைத்த அந்த மண்டபத்தில், 2011 முதல் 2015-இல் மறையும் வரை சபாநாயகராக இருந்து வினாக்களை வரிசைப்படுத்தியவர், வித்துரா அடங்கிய அருவிக்கரைத் தொகுதியின் பிரதிநிதியான ஜி. கார்த்திகேயன்தான். மலையாளம் தமிழ்ச் செவிக்கு அந்நியமல்ல. அதிலும் நம் எல்லையோரத்தாருக்குச் சொல்ல வேண்டியதில்லை.

போவதற்கு முன் அன்றைய வினாப் பட்டியலைப் படித்துச் செல்லுங்கள். பட்டியலைப் படிக்காமல் போனால் துணை வினா எதைத் துணையாகக் கொண்டது என்பதே விளங்காது. எல்லாவற்றையும் கேட்க முயலாமல் ஒரே ஒரு வினாவைத் தேர்ந்துகொண்டு, அச்சிட்ட விடை, துணை வினாக்கள், அவற்றின் விடைகள் என்று இறுதிவரை தொடருங்கள். பார்வையாளர் மாடத்தில் கைதட்டலுக்கு இடமில்லை. போக இயலாதவர்களுக்கு நியமசபையின் சபா டிவியும் பார்லிமெண்டின் சன்சத் டிவியும் இருக்கின்றன; ஆயினும் காமிரா பேசுகிறவரை மட்டுமே காட்டும், சீட்டுக் கொண்டுவரும் சேவகரைக் காட்டாது.

மாடத்துக்கான அனுமதிச் சீட்டைப் பெற உங்கள் தொகுதி உறுப்பினரின் அலுவலகத்தை அணுகுங்கள். அணுகும்போது, உங்கள் ஊருக்கு வேண்டிய ஒரு வினாவையும் எழுதிக் கையில் கொண்டு செல்லுங்கள். அதை சபையில் கேட்கும் உரிமை அவருக்கு உண்டு, கேட்கச் சொல்லும் உரிமை உங்களுக்கு உண்டு.