ஆங்கில இலக்கணச் சிறுநூல்களும் தமிழ்ச் சிறாரின் மொழியறிவும்

தமிழ்ச் சிறார்க்கு ஆங்கிலம் பயிற்றுவான் வேண்டித் தொடக்க வகுப்புகளுக்கென எழுதப்பெறும் இலக்கணச் சிறுநூல்கள் பெரும்பாலும் ஒரே அமைப்பின. முதற்கண் எண்வகைச் சொற்கள். ஒவ்வொன்றற்கும் ஒரு வரையறை. அதன்கீழ்த் தமிழ்ப் பெயர். இறுதியில் கோடிட்ட இடம் நிரப்பும் பயிற்சி. இவற்றுள் பலவற்றை ஒருசேர வைத்து நோக்கிய எமக்கு, அச்சுப்பிழைகளினும் பெரியதொரு குறை புலனாயிற்று. தம்முன் அமர்ந்துள்ள சிறுவன் இலக்கணமே அறியாதவன் என இந்நூல்கள் கொள்கின்றன. ஐந்தாம் ஆண்டில் பள்ளி புகும் தமிழ்க் குழந்தை திணையும் பாலும் எண்ணும் இடமும் காலமும் பெரிதும் மயங்காது பேசுகின்றது. அவற்றின் பெயர்களை அது கேட்டிலது; அவ்வளவே.

எண்வகைச் சொல் என்னும் பாகுபாடு ஆங்கிலத்திற்கே உரியதன்று. கி.மு. 2ஆம் நூற்றாண்டினராகக் கருதப்படும் தயனீசியசு திராக்சு கிரேக்கத்திற்கு வகுத்த எட்டினை இலத்தீன் இலக்கணிகள் மேற்கொண்டனர். இலத்தீனில் ஆர்ட்டிகிள் இன்மையால் அவ்விடத்தில் வியப்பிடைச்சொல்லை வைத்து எண்ணிக்கையைக் காத்தனர். 1762இல் லௌத்தும் 1795இல் மர்ரேயும் ஆங்கிலச் சொற்களை ஒன்பதாக்கினர். பின்வந்தோர் ஆர்ட்டிகிளைப் பெயரடையுள் அடக்கி மீண்டும் எட்டாக்கினர். இவ்வாறு மொழிக்கு மொழி மாறிவந்த ஓர் எண்ணை, மாறாத உண்மைபோல் எட்டு வயதுச் சிறுவன் மனப்பாடம் செய்ய நேர்கின்றது.

வரையறைகளின் நிலையும் இதுவே. ‘செயலைக் குறிக்கும் சொல் வினை’ என்பர். அங்ஙனமாயின் ‘ஓட்டம்’ வினையோ? ‘ஈஸ்’ என்பது எச்செயலைக் குறிக்கின்றது? நூல் விடை கூறாது, ஆசிரியரும் கூறார். தொல்காப்பியரோ வினையைப் பொருள்கொண்டு வரையறுத்திலர். வேற்றுமை ஏலாமையும் காலத்தொடு தோன்றுதலும் அதன் இயல்பு என வடிவுகொண்டு வரையறுத்தார். இவ்வளவைகொண்டு நோக்கின் ‘ஓட்டம்’ வேற்றுமை ஏற்றலின் பெயராம். ‘ஈஸ்’ என்பது இறந்தகாலத்தில் ‘வாஸ்’ எனத் திரிதலின் வினையாம். சிறுவனும் இதனைத் தானே சோதித்துப் பார்க்க இயலும். ஆங்கிலச் சொல்லுக்கு இலத்தீன் வழிவந்த வரையறையினும் தமிழ் இலக்கணியின் வரையறை நன்கு பொருந்துவது எமக்கு வியப்பாக இல்லை. வகுப்பறைக்கு அஃது இன்னும் வாராமையே வியப்பு.

யாம் பார்வையிடச் சென்ற ஒரு வகுப்பில், தம்பியைப்பற்றி எழுதுக என்றதற்கு ஒரு சிறுமி ‘ஹீ மை பிரதர்’ என எழுதினாள். ஆசிரியர் சிவப்பு மையால் அடித்து, வினையின்றி வாக்கியமில்லை என்ற விதியைப் பத்துமுறை எழுதச் சொன்னார். அவ்விதி ஆங்கிலத்திற்கு மெய். சிறுமியின் மொழிக்குப் பொய். ‘அவன் என் தம்பி’ என்பது பெயர்ப் பயனிலை கொண்ட நிறைவான தொடர். எழுவாய் ஏற்கும் பயனிலை அறுவகை எனக் கண்ட தொல்காப்பியர் அவற்றுள் பெயரையும் ஒன்றாக எண்ணினார். சிறுமி பிழை செய்திலள். ஒரு மொழியின் முறையை மற்றொன்றிற்கு ஏற்றினாள். ‘தமிழ் இவ்விடத்தில் வினை வேண்டாது, ஆங்கிலம் வேண்டும்’ என்னும் ஒரு தொடர் போதுமாயிருந்தது. அஃது இன்மையால், தான் மந்தமானவள் என்பதையே அவள் அன்று கற்றாள் போலும்.

இனி ‘தி’ என்னும் சொல்லைக் காண்போம். தமிழில் இதற்கு நிகரில்லை என எழுதி நூல்கள் அமைகின்றன. ‘பால் குடித்தான்’, ‘பாலைக் குடித்தான்’ என்னும் இரண்டிற்கும் உள்ள வேறுபாட்டை எந்தக் குழந்தையும் அறியும். முன்னது ஏதோ பால். பின்னது பேசுவோனும் கேட்போனும் அறிந்த பால். ஆங்கிலம் ‘தி’ கொண்டு காட்டுவதனைத் தமிழ் ஈண்டு ஐ உருபின் வரவாலும் தொகையாலும் காட்டுகின்றது. இவ்வொப்புமை முற்றும் செல்லாது என்பதையும் சொல்லியாக வேண்டும். உயர்திணைப் பெயரில் ஐ தொகுதல் அரிது. எழுவாயில் உருபே இல்லை, ‘நாய் வந்தது’ என்பது எந்நாயையும் குறிக்கலாம். ஆயினும், ‘நிகரில்லை’ என்று கதவடைப்பதற்கும், அறிந்த ஓரிடத்திலிருந்து அறியாத இடத்திற்கு அழைத்துச் செல்வதற்கும் வேறுபாடு பெரிது.

‘ஹூ’, ‘விச்’ என்னும் வினாச்சொற்களின் வேறுபாடு பெரிதும் திணை வேறுபாடே. ‘யார்’, ‘எது’ என மாறாது வினவும் சிறுவனுக்கு இதற்கெனத் தனிப்பாடம் வேண்டுவதன்று. அவன் இடர்ப்படும் ‘ஹீ கோஸ்’ என்பதன் ஈற்று ஒலியும் அத்தகையதே. ஒருகாலத்துப் பல்கியிருந்த வினைவிகுதிகளுள் நிகழ்காலப் படர்க்கை ஒருமைக்கண் எஞ்சிநின்ற ஒன்று அது. பெயரின் ஈற்றில் பன்மை காட்டும் அதே ஒலி வினையின் ஈற்றில் ஒருமை காட்டுவதால் சிறுவன் மயங்குகின்றான். ‘நடக்கிறான்’ என்பதன் ‘ஆன்’ போன்றதொரு விகுதி அது என்று கூறினால் மயக்கம் பெரும்பாலும் தீரும்.

இலக்கணமே வேண்டா என்பாரும் உளர். 1959இல் தொடங்கிய சென்னை ஆங்கிலப் பயிற்சி இயக்கம், தொடக்க நிலை ஆசிரியர் 27,000 பேரை மறுபயிற்சிக்கு உட்படுத்த முயன்றது. வாக்கிய அமைப்புகளை வாய்மொழியாகப் பழக்குதலே அதன் நெறி. 1979 முதல் 1984 வரை பெங்களூர், சென்னை முதலிய இடங்களில் என்.எஸ். பிரபு நடத்திய திட்டம் அந்நெறியையும் கடந்து, பொருளுள்ள செயல்களில் மாணவர் ஈடுபடுங்கால் இலக்கணம் தானே அமையும் எனக் கருதிற்று. இலக்கணப் பெயர்களை மனப்பாடமாக்குவதால் மொழி வாராது என்னும் அளவில் யாம் அவரோடு உடன்படுகிறோம். ஆயின் அத்திட்டம் கூர்ந்த ஆசிரியர் சிலர் கையில் நடந்தது. நாற்பது மாணவரும் ஒரு கரும்பலகையும் உள்ள வகுப்பில், தானும் ஆங்கிலத்தில் தயங்கும் ஆசிரியர்க்கு உறுதியாக உள்ள கருவி தமிழே. அதனை மறைத்து வைக்கச் சொல்லும் நெறி எதுவாயினும் எமக்கு உடன்பாடன்று.

இக்குறையில் தமிழ்த்துறையினராகிய எமக்கும் பங்குண்டு. வேற்றுமைத் தொகையைப்பற்றி ஆய்வேடுகள் பல எழுதினோம். அதனைத் தொடக்கப்பள்ளி ஆங்கில ஆசிரியர்க்கு நான்கு பக்கத்தில் எடுத்துக் கூறினோமில்லை. அவ்வாறு எழுதப்புகுவார் தமிழால் உதவ இயலா இடங்களையும் மறையாது குறித்தல் வேண்டும். அவற்றுள் தலையாயது ‘டூ’ என்னும் துணைவினை. ஈற்றில் ஆகாரம் ஒன்றைச் சேர்த்து ‘வருகிறாயா’ என வினவும் சிறுவனுக்கு, வினாவிற்கெனப் பொருளில்லா வினையொன்று தொடரின் முன்வந்து நிற்பதனை விளக்கத் தொல்காப்பியத்திலும் நன்னூலிலும் வழி காணோம். அங்குப் பயிற்சி ஒன்றே துணை. விளையாட்டாக, நாள்தோறும், சிவப்பு மையின்றி.