ஒத்த படமும் ஒப்பிடும் கண்ணும்

சீட்டுகளைக் கவிழ்த்து வைத்து, இரண்டிரண்டாகப் புரட்டி, ஒத்த படங்களைச் சேர்க்கும் விளையாட்டு நாம் அறிந்ததே. இன்று அது கைப்பேசியில் வருகிறது. சீட்டுகளில் உலகப் பெரும் அருங்காட்சியகங்களின் ஓவியங்கள் காட்சி தருகின்றன. நியூயார்க்கின் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகம் 2017-இல் ஏறத்தாழ 3,75,000 படங்களை எவரும் கட்டணமின்றிப் பயன்படுத்தலாம் எனத் திறந்துவிட்டது. ஆம்ஸ்டர்டாமின் ரைக்ஸ்மியூசியம் அதற்கும் முன்னோடி. வெர்மீர் தீட்டிய பால் ஊற்றும் பெண்ணின் படம் மஞ்சள் பாரித்த நகல்களாகவே உலவியதால், உண்மை வண்ணத்தில் அச்சான அஞ்சலட்டையை மக்கள் ஐயுற்றனராம். தீய நகலுக்கு மருந்து நல்ல நகலே எனக் கண்டது அந்நிறுவனம்.

இந்த ஈகையை மனமார வரவேற்கிறோம். ஆயினும் அதைக் கொண்டு ஆக்கிய விளையாட்டில் ஒரு குறை உண்டு. ஒரே படத்தின் இரு நகல்களைச் சேர்ப்பதற்கு ஓவியத்தைப் பார்க்க வேண்டுவதில்லை. ஒரு நீலத் திட்டு போதும். பிள்ளையின் நினைவில் நிற்பது சீட்டு கிடந்த இடமேயன்றி ஓவியம் அன்று.

கோவில்பட்டிச் சிறுவர்க்கு இதனினும் கடுமையான பள்ளி ஒன்று வாய்த்திருந்தது. தீப்பெட்டிப் படம் சேர்த்தவர்கள் அறிவார்கள்: பெயர்பெற்ற சின்னத்தை ஒட்டியே, ஓர் எழுத்தையோ ஒரு கோட்டையோ மாற்றி, வேறு சின்னங்கள் வரும். அவற்றைப் பிரித்தறிந்த கண் ஒற்றுமைக்குள் வேற்றுமையைக் காணப் பழகிய கண்.

விளையாட்டும் அவ்வாறு அமையலாமன்றோ? மெட்ரோபாலிட்டனிலேயே தூச்சோ தீட்டிய அன்னையும் குழந்தையும் உண்டு. பெல்லினி தீட்டியதும் உண்டு. முன்னதில் பொன்னிறப் பின்புலம். குழந்தை தாயின் முக்காட்டை மெல்ல விலக்குகிறது. பின்னதில் திரைச்சீலைக்கு அப்பால் நிலம் விரிகிறது. இவ்விரண்டையும் இணையெனக் கண்டுகொள்ளும் பிள்ளை உண்மையிலேயே பார்த்திருக்கிறது.

நமக்கு அருகிலும் இணைகள் உண்டு. சென்னையில் 1898-இல் பிறந்து, நாடகக் கம்பெனிக்குத் திரைச்சீலை எழுதி, கோவில்பட்டியிலேயே தங்கி, 1976-இல் மறைந்தவர் சி. கொண்டைய ராஜு. அவரும் அவர்தம் மாணவரும் தீட்டிய தெய்வப் படங்கள் சிவகாசி அச்சகங்களின் வழியே வீடுதோறும் நாட்காட்டியாகச் சென்றன. ஆசிரியர் கைவண்ணத்தையும் மாணவர் கைவண்ணத்தையும் அருகருகே வைத்தால், அதனினும் நல்ல ஆட்டம் ஏது?

ஆனால் ஆண்டு முடிந்ததும் நாட்காட்டித் தாள் பழைய தாள் கடைக்குப் போகிறது. நம் சட்டப்படி ஓவியர் மறைந்த பின்னும் 60 ஆண்டுகள் பதிப்புரிமை நீடிக்கும். அதுவரை பொதுவில் திறந்துவிட உரியவர்தம் இசைவு வேண்டும். கிழியாமல் காத்து வைப்பதற்கோ எவர் இசைவும் வேண்டுவதில்லை. திறக்கும் நாள் வரும்போது திறப்பதற்கு ஏதேனும் எஞ்சியிருக்க வேண்டுமன்றோ? அந்தக் கடமை அருங்காட்சியகங்களுடையது மட்டுமன்று. சுவரில் ஆணி அடித்து அப்படங்களை மாட்டிய நம் ஒவ்வொருவருடையதுமாகும்.