ஐயம் எழுப்பாத உருவம்

'விக்ரம்' என்ற பெயரில் தமிழில் இரண்டு உளவாளிப் படங்கள் இருக்கின்றன. சுஜாதாவின் எழுத்தில் ராஜசேகர் இயக்கிய முதல் படம் 1986இல் வந்தது. லோகேஷ் கனகராஜ் இயக்கிய இரண்டாவது படம் 2022இல் வந்தது. இரண்டுக்கும் நடுவே முப்பத்தாறு ஆண்டுகள். கமல்ஹாசன்தான் இரண்டிலும் விக்ரம். பெயரும் தலைப்புப் பாடலும் நாயகனின் பழைய கதையும் முதல் படத்திலிருந்து இரண்டாவதற்குள் வந்திருக்கின்றன. அப்படியானால் பெண்கள் என்னவாக வந்திருக்கிறார்கள் என்று கேட்க நமக்கு உரிமை உண்டு.

முதல் படத்தை ஒரு கல்யாண வீட்டில், வாடகைக்கு டெக் எடுத்துப் போட்ட இரவில் பார்த்தேன். எனக்கு எட்டு, ஒன்பது வயது இருக்கும். 'அக்னிபுத்ரா' என்ற ஏவுகணை களவு போனதோ, சலாமியா என்ற கற்பனை நாடோ என் மனத்தில் பதியவில்லை. விக்ரமைக் கொல்ல வந்தவர்கள் அவன் மனைவியைக் கொன்றுவிட்டதுதான் பதிந்தது. அம்பிகா நடித்த அந்தப் பெண் கருவுற்றிருந்தாள். "மாசமா இருந்தாளே, பாவி மக" என்று பாயில் உட்கார்ந்திருந்த பெரியம்மா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். அடுத்த காட்சிகளில் விக்ரம் சண்டைக்குத் தயாராகிவிட்டான். அந்த மனைவியைப் பற்றிப் படத்துக்கு அதற்குமேல் வேலையில்லை. நாயகனைக் கிளப்பிவிடத்தான் அவள் செத்தாள்.

அதே படத்தில் லிசி நடித்த பிரீத்தி ஒரு கணினி வல்லுநர். கம்ப்யூட்டர் என்ற சொல்லே பலருக்குப் புதிதாக இருந்த காலத்தில் அந்த அறிவைப் பெண்ணின் கையில் கொடுத்தார் சுஜாதா. அதற்கு நன்றி சொல்லியே ஆகவேண்டும். ஆனால் அந்த அறிவு படத்தில் அதிக தூரம் போகவில்லை. சலாமியாவுக்குப் போனதும் பிரீத்தியும், டிம்பிள் கபாடியா நடித்த இளவரசியும் ஒரே ஆணை விரும்பும் இரு பெண்களாகச் சுருங்கிவிடுகிறார்கள்.

2022க்கு வருவோம். அமர் நேசிக்கும் காயத்ரி கொல்லப்படுகிறாள். அமரின் கோபத்துக்கு அந்தச் சாவு தேவைப்படுகிறது. அம்பிகா விழுந்த இடத்தில்தான் காயத்ரியும் விழுகிறாள். வில்லன் சந்தனத்தின் மூன்று மனைவியர் சிரிப்புக்கு. மகனை இழந்த விக்ரமின் கதையில், கணவனை இழந்த மருமகளுக்குக் குழந்தையைத் தூக்கிக்கொண்டு நிற்பதைத் தவிர அதிக வேலையில்லை. கேமரா மாறியிருக்கிறது, துப்பாக்கிகள் பெரிதாகியிருக்கின்றன. மற்றபடி அதே கதைதான் என்று நினைத்துக்கொண்டிருந்தபோதுதான் டீனா எழுந்தாள்.

அதுவரை அவள் அந்த வீட்டின் வேலைக்காரப் பெண். அடியாட்கள் உள்ளே நுழைந்ததும் அவள் ரகசியப் படையின் உளவாளி என்பது தெரிகிறது. கையில் கிடைத்ததையெல்லாம் ஆயுதமாக்கிச் சண்டையிடுகிறாள், சாகிறாள். திரையரங்கில் விசில் பறந்தது. நானும் கைதட்டினேன். அதை மறைத்துவிட்டு விமர்சனம் எழுத எனக்கு விருப்பமில்லை. நடுத்தர வயதுப் பெண்ணொருத்தி, யாருடைய காதலியாகவும் இல்லாமல், சேலைக்கட்டோடு சண்டை போட்டு நான் பார்த்ததே இல்லை. டீனாவாக நடித்த வசந்தி பல ஆண்டுகள் பாடல் காட்சிகளில் குழுவில் ஆடியவர், நடன உதவியாளராக இருந்தவர். நாயகியின் பின்னால் நின்றவர் முன்னால் வந்ததற்கும் சேர்த்துத்தான் கைதட்டினேன்.

அந்த வாரம் வகுப்பில் திருக்குறளின் ஒற்றாடல் அதிகாரம் நடத்திக்கொண்டிருந்தேன். ஒற்றன் பார்ப்பவர் ஐயப்படாத உருவம் கொள்ள வேண்டும் என்கிறார் வள்ளுவர். துறவி வேடத்தையும் சொல்கிறார். இன்றைக்கு ஐயம் எழுப்பாத உருவம் எது என்று கேட்டேன். "வீட்டு வேலை செய்றவங்க" என்று டீனாவை நினைத்து ஒரே குரலாகச் சொன்னார்கள். பின் வரிசையிலிருந்து ஒரு மாணவி எழுந்தாள். "மேடம், சண்டை போட்டதாலதானே அவங்களைப் பார்த்தோம்? கடைசிவரைக்கும் பாத்திரம் மட்டும் தேய்ச்சிருந்தா?" என்றாள். அவளுடைய அம்மா மூன்று வீடுகளில் வேலை செய்கிறார் என்று பிறகு சொன்னாள்.

அந்தக் கேள்விக்குப் பிறகு என் கைதட்டல் எனக்கே உறுத்தியது. டீனாவின் வேடம் பலித்ததற்கு அவள் திறமை மட்டும் காரணமல்ல. வேலைக்காரப் பெண்ணின் முகத்தைப் பார்க்காமலிருக்க நாம் பழகியிருக்கிறோம். படத்தின் பெரிய திருப்பமே நம்முடைய அந்தப் பழக்கத்தின் மேல்தான் நிற்கிறது. அமர் அவளைக் கவனிக்கவில்லை, கேமரா கவனிக்கவில்லை, நானும் கவனிக்கவில்லை. ஆனால் இந்தப் பார்வைக் குறையைச் சுட்டிக்காட்டும் படம் அதைத் திருத்தவில்லை. வீட்டு வேலை என்பது வெறும் வேடம் என்றும், உள்ளே இருப்பவள் வேறு, அவளே மதிப்புக்குரியவள் என்றும் சொல்லிவிடுகிறது. வேடமே இல்லாமல் அந்த வேலையைச் செய்பவளுக்கு இந்தப் படத்தில் மரியாதை கிடையாது.

இன்னொன்றும் உண்டு. டீனா விக்ரமின் பழைய ரகசியப் படையைச் சேர்ந்தவள் என்கிறது இரண்டாவது படம். அப்படியானால் விக்ரமின் இளமைக் காலத்தில் அவளும் இளம் உளவாளிதான். முதல் படத்தில் அவளைத் தேடிப் பார்த்தால் இல்லை. மனைவி இருக்கிறாள், கணினிப் பெண் இருக்கிறாள், இளவரசி இருக்கிறாள். கூடவே நின்று போராடிய பெண் மட்டும் இல்லை. தொடர்ச்சி என்பது முன்கதையைத் திருத்தி எழுதும் வாய்ப்பும்கூட. லோகேஷ் அந்த வாய்ப்பைத் தொட்டார். ஆனால் டீனாவின் கடந்த காலத்துக்கு ஒரு காட்சிகூடத் தராமல் விட்டுவிட்டார். விக்ரமுக்கு மகன் உண்டு, பேரன் உண்டு, துயரம் உண்டு. டீனாவுக்கு ஒரு பெயர், ஒரு சண்டை, ஒரு சாவு. காயத்ரிக்காகக் கோபப்பட அமர் இருக்கிறான். டீனாவின் சாவை முதலில் வருவது வீரம் என்று நாம் கைதட்டி முடித்துவிடுகிறோம்.

1986இலிருந்து 2022க்கு ஓரடி நகர்ந்திருக்கிறோம் என்பதை நான் மறுக்கவில்லை. கொல்லப்படுவதற்காகவே வந்த பெண்ணுக்குப் பக்கத்தில், கொல்ல வருபவர்களை எதிர்த்து நிற்கும் பெண்ணும் இப்போது இருக்கிறாள். அந்த ஓரடியைக் கொண்டாடும்போது அது எவ்வளவு சிறிய அடி என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

இரண்டு வாரம் கழித்து அந்த மாணவி தன் அம்மாவைப் படத்துக்குக் கூட்டிப் போயிருக்கிறாள். டீனா எழுந்தபோது அம்மாவும் சிரித்தாராம், தட்டினாராம். டீனா செத்ததும் மகளின் பக்கம் திரும்பி, "அந்தப் பொம்பளைக்கு வீட்ல யாரு இருக்கா?" என்று கேட்டாராம். மகளுக்குப் பதில் தெரியவில்லை. என்னிடம் வந்து கேட்டாள். படத்தை மறுபடியும் பார்த்தேன். அதில் பதில் இல்லை.