கட்டற்ற மென்பொருளும் எமது உயர்கல்வி நிறுவனங்களும்: தடைகள் பற்றிய ஒரு மதிப்பீடு

இலங்கையின் கணினித்துறை வரலாற்றை நோக்குவோர் ஒரு முரண்பாட்டை எளிதில் இனங்காண்பர். 2004 டிசம்பர் 26 ஆம் திகதிய ஆழிப்பேரலையைத் தொடர்ந்து, காணாமற் போனோரையும் முகாம்களில் தங்கியோரையும் பதிவுசெய்யும் பொருட்டு இந்நாட்டு மென்பொருளாளர் தன்னார்வத்துடன் உருவாக்கிய ‘சஹானா’ என்னும் அனர்த்த முகாமைத்துவ முறைமை கட்டற்ற மென்பொருளாக உலகுக்கு வழங்கப்பட்டது. சமூகப் பயன் மிக்க ஆக்கத்துக்கான 2006 ஆம் ஆண்டு விருதினைக் கட்டற்ற மென்பொருள் அறக்கட்டளை அதற்கு அளித்தது. 2005 இல் கூகிள் நிறுவனம் தொடங்கிய கோடைகால நிரலாக்கத் திட்டத்தின் முதற் பத்தாண்டில், உலகப் பல்கலைக்கழகங்கள் யாவற்றினும் கூடுதலான மாணவர் பங்குகொண்டது மொறட்டுவைப் பல்கலைக்கழகத்திலிருந்தேயாகும். ஆயின், இதே நாட்டின் கல்லூரிகளிலும் பல்கலைக்கழகங்களிலும் கணினி ஆய்வுகூடத்துள் நுழையும் கலைப்பீட மாணவரும் வணிகபீட மாணவரும் பெரும்பாலும் காண்பது தனியுரிமை மென்பொருளையே. ஆக்குவதில் முன்னிற்கும் ஒரு சமூகம் பயில்வதிற் பின்னிற்பது ஏன்? இவ்வினாவே இக்கட்டுரையின் பொருளாகும்.

முதற்கண் சொல்லைத் தெளிவுபடுத்திக்கொள்ளல் வேண்டும். றிச்சர்ட் ஸ்ரோல்மன் 1983 இல் அறிவித்த குனூ திட்டத்திலிருந்து இவ்வியக்கம் தோற்றம் பெற்றது. மென்பொருளை எந்நோக்குக்கும் பயன்படுத்தல், அதன் மூலநிரலைக் கற்று மாற்றியமைத்தல், பிரதிகளைப் பிறருக்கு வழங்கல், திருத்திய வடிவத்தை வெளியிடல் ஆகிய நான்கு உரிமைகளுமே அதன் இலக்கணம். ஆங்கிலத்தில் விலையின்மையையும் விடுதலையையும் ஒரே சொல் குறிப்பதால், அம்மொழியில் இதனை விளக்க நெடிய விளக்கவுரை தேவைப்பட்டது. தமிழில் ‘இலவசம்’ வேறு, ‘சுதந்திரம்’ வேறு. மொழி தந்த இவ்வாய்ப்பைப் பயன்படுத்தாது, ‘இலவச மென்பொருள்’ என்றே நம்மிற் பலர் எழுதியும் பேசியும் வருகின்றனர். இது சொற்குற்றம் மாத்திரமன்று. இதன் விளைவைப் பின்னர் நோக்குவாம்.

கட்டற்ற மென்பொருளை ஏற்கத் தடையாக வழமையாகக் கூறப்படுவன சில. பழகுவதற்குக் கடினம், கற்பிக்க ஆசிரியரில்லை, பழுது நேர்ந்தாற் பொறுப்பேற்பாரில்லை, தொழிற்சந்தை வேறொன்றைக் கேட்கின்றது. இவை முற்றிலும் பொய்யல்ல. ஆயினும் இவையே அடிப்படைக் காரணங்களெனின், எமது நிறுவனங்களில் எந்தவொரு கட்டற்ற மென்பொருளும் வேரூன்றியிருத்தலாகாது. உண்மை நிலை வேறு. விரிவுரைக் குறிப்புகளும் ஒப்படைகளும் பரிமாறப்படும் ‘மூடில்’ என்னும் கற்றல் முகாமைத்துவ முறைமை பல்கலைக்கழகங்கள் பலவற்றில் நிலைபெற்றுள்ளது. நூலகங்களிற் பயன்படும் ‘கோஹா’ நியூசிலாந்திற் பிறந்து 2000 ஆம் ஆண்டில் வெளியானது. ஆய்வேடுகளைச் சேமிக்கும் ‘டிஸ்பேஸ்’ 2002 இல் வெளியானது. இவை மூன்றுமே கட்டற்ற மென்பொருள்கள். இவற்றைக் கடினமென்று எவரும் கைவிட்டதில்லை; இவை கட்டற்றவை என்பதைக் கூடப் பயன்படுத்துவோரிற் பலர் அறியார்.

ஒரே நிறுவனத்தின் நூலகத்தில் வெற்றிபெற்றது, அதன் ஆய்வுகூடத்தில் ஏன் தோல்வியுற்றது? நூலகத்துக்கு ஒரு முறைமை தேவைப்பட்டபோது, நிறுவனம் வெளிப்படையாக ஒரு முடிவெடுக்க வேண்டியிருந்தது. விலைகள் ஒப்பிடப்பட்டன, பொறுப்பாளர் நியமிக்கப்பட்டார், பணியாளருக்குப் பயிற்சி அளிக்கப்பட்டது. ஆய்வுகூடத்திலோ அத்தகைய முடிவு எதுவும் நிகழவில்லை. கணினியை வழங்கியவர் உள்ளே எதனை இட்டுத் தந்தாரோ அதுவே பாடமாயிற்று. எஞ்சியவற்றைக் கள்ளப் பிரதிகள் நிரப்பின. எனவே, கட்டற்ற மென்பொருள் ஆய்வுகூடத்திற் போட்டியிட்டுத் தோற்றது எனல் பொருந்தாது. அங்கு போட்டியே நடைபெறவில்லை.

இவ்விடத்திற் கள்ளப் பிரதியின் பங்கு சிறப்பாக மனங்கொளத்தக்கது. அது தனியுரிமை மென்பொருளின் பகையென்று பொதுவாகக் கருதப்படுகின்றது. கல்விக்கூடத்தைப் பொறுத்தவரை அது கட்டற்ற மென்பொருளின் பகையேயாகும். 1998 இல் வாஷிங்டன் பல்கலைக்கழக மாணவரிடையே பேசிய பில் கேற்ஸ், சீனரைக் குறிப்பிட்டு, அவர்கள் திருடுவதாயின் தமது நிறுவனத்தின் மென்பொருளையே திருடுதல் நன்று, பழகியபின் பணத்தை அறவிடும் வழியைப் பின்னர் கண்டுகொள்ளலாம் என்ற கருத்தை வெளிப்படையாகவே கூறினார். வணிகர் அறிந்திருந்த இவ்வுண்மையைக் கல்வியாளர் உணரத் தவறினர். 2003 ஆம் ஆண்டின் 36 ஆம் இலக்க புலமைச் சொத்துச் சட்டம் கணினி நிரல்களுக்குப் பாதுகாப்பளிக்கின்றது. சட்டம் நூலில் இருக்க, பிரதி கணினியில் இருக்கின்றது. விலை கொடுக்காதவரை விலை பற்றிய கேள்வி எழுவதில்லை. ‘இலவசம்’ என்பதை முதன்மைப்படுத்திய பிரசாரம் ஏன் பயனளிக்கவில்லை என்பது இப்பொழுது புலனாகும். ஏற்கெனவே இலவசமாகப் பெற்றவனிடம் இலவசத்தை விற்க முடியாது.

2022 ஆம் ஆண்டு இந்த அமைதியைக் குலைத்திருக்க வேண்டும். அவ்வாண்டு ஏப்பிரலில் அரசு வெளிநாட்டுக் கடன் கொடுப்பனவுகளை இடைநிறுத்தியது. மார்ச்சு மாதத் தொடக்கத்தில் ஏறத்தாழ 200 ரூபாவாயிருந்த அமெரிக்க டொலர், மே மாதமளவில் 360 ரூபாவை அண்மித்தது. டொலரில் ஆண்டுதோறும் செலுத்தப்படும் உரிமக் கட்டணம் ஒரு நாட்டின் கல்வியை எதனோடு பிணைக்கின்றது என்பதை விளக்க இதனினும் தெளிவான பாடம் வேண்டியதில்லை. ஆயினும் அப்பாடம் பாடவிதானத்தைச் சென்றடையவில்லை.

பாடவிதானமே அடுத்த தடையாகும். புள்ளிவிபரவியலைக் கற்பித்தல் ஒன்று; எஸ்.பி.எஸ்.எஸ். என்னும் பண்டத்தின் பட்டியல்களிற் சொடுக்கக் கற்பித்தல் பிறிதொன்று. சமூகவிஞ்ஞான மாணவர் பலர் இரண்டாவதைப் பயின்று முதலாவதைப் பயின்றதாக நம்புகின்றனர். பட்டம் பெற்று வெளியேறியதும் உரிமம் அவர்களிடம் இல்லை. ஆய்வைத் தொடரும் வழியும் இல்லை. ஒக்லாந்துப் பல்கலைக்கழகத்தில் இரு புள்ளிவிபரவியலாளர் 1990 களில் உருவாக்கிய ‘ஆர்’ மொழியோ புவியியலாளருக்கான ‘கியூஜிஸ்’ மென்பொருளோ மாணவருடன் அவர்தம் ஊர்வரை செல்லும். அவற்றைத் தொடக்கத்திற் பயில்வது கடினமே. ஆனால் ஆய்வேட்டின் மேற்பார்வையாளர் தாம் பழகிய கருவியையே கேட்கும்போது, மாணவர் வேறொன்றைத் துணிந்து தெரிவுசெய்வது எங்ஙனம்? விரிவுரையாளரது பழக்கம் மாணவரது கட்டாயமாகின்றது.

கேரளத்தின் அனுபவம் இவ்வகையில் ஒப்புநோக்கத்தக்கது. அங்கு 2001 இல் தொடங்கிய பாடசாலைத் தகவல் தொழில்நுட்பத் திட்டம் முதலில் ஒரு தனி நிறுவனத்தின் மென்பொருளையே சார்ந்திருந்தது. ஆசிரியர் சங்கத்தினரும் கட்டற்ற மென்பொருள் ஆர்வலரும் அதனை எதிர்த்தனர். பாடநூல்கள் மாற்றப்பட்டன, ஆசிரியர் பெருந்தொகையிற் பயிற்றப்பட்டனர், மலையாளத்தில் இயங்கும் பணிசெயல் முறைமை ஆயத்தமாயிற்று. 2008 அளவில் பத்தாம் வகுப்புச் செய்கைமுறைப் பரீட்சையே கட்டற்ற மென்பொருளில் நடைபெறலாயிற்று. பரீட்சை மாறியதும் பழக்கம் மாறியது. பாடசாலைகளுக்கு இயன்றது பல்கலைக்கழகங்களுக்கு இயலாதெனல் ஒப்புக்கொள்ளற்பாலதன்று.

தமிழ் மாணவருக்கு மேலும் ஒரு தடையுண்டு. ஒருங்குறியில் தமிழ் 1991 முதலே இடம்பெற்றுள்ளது. எனினும் எமது அலுவலகங்களிலும் அச்சகங்களிலும் பாமினி எழுத்துரு இன்றும் செல்வாக்கிழக்கவில்லை. இலத்தீன் எழுத்துக்களின் குறியீட்டிடங்களிலே தமிழ் வடிவங்களைப் பொருத்தியமையே அதன் முறை. எழுத்துரு இல்லாத கணினியில் அவ்வாவணம் பொருளற்ற ஆங்கில எழுத்துக் குவியலாகின்றது. ‘லினக்சில் தமிழ் சரிவராது’ என்ற முறைப்பாட்டின் பெரும்பகுதி இதன் விளைவேயன்றி லினக்சின் குறையன்று. தட்டச்சாளரின் விரற்பழக்கத்தை ஒரு நாளில் மாற்றவியலாது என்பதும் உண்மை. ஆயின் ஆண்டுமலர்களையும் ஆய்வேடுகளையும் இன்னும் அம்முறையிற் சேமித்துவைப்பின், நாளைய ஆய்வாளர் அவற்றில் ஒரு சொல்லையேனும் தேடிக் கண்டெடுத்தல் அரிதாகும்.

கட்டற்ற மென்பொருள் ஆர்வலரும் விமர்சனத்துக்கு அப்பாற்பட்டவரல்லர். ஒரு நாள் நிறுவல் விழா நடாத்திக் கலைந்துசெல்லும் வழக்கம் அவர்களிடையே உண்டு. மறுவாரம் அச்சுப்பொறி இயங்காதபோது மாணவர் எவரை நாடுவார்? ஆர்வமிக்க ஓர் அணி பட்டம் பெற்று நீங்கியதும் முயற்சியும் நீங்குகின்றது. பொறியியல் வரைதல் போன்ற துறைகளில் ஈடான கட்டற்ற கருவிகள் இன்னும் முழுமை பெறவில்லை என்பதை அவர்கள் ஒப்புக்கொள்வதும் குறைவு. குறையை மறைக்கும் பிரசாரம் நம்பிக்கையை வளர்ப்பதில்லை.

1960 களில் பல்கலைக்கழகக் கலைப்பாடங்கள் சுயமொழிகளிற் கற்பிக்கப்படத் தொடங்கியபோது, நூல்களில்லை, கலைச்சொற்களில்லை என்ற ஆட்சேபங்கள் எழுந்தன. அவை உண்மையான குறைகளே. ஆயினும் முடிவு முதலில் எடுக்கப்பட்டது. சொற்றொகுதிகளும் நூல்களும் அதன்பின் உருவாயின. குறைகள் யாவும் நீங்கிய பின்னரே தொடங்குவதென்றிருப்பின் எதுவும் தொடங்கியிராது. கட்டற்ற மென்பொருள் விடயத்திலும் முதலில் வேண்டப்படுவது ஒரு முடிவே. ஒவ்வொரு பீடமும் தன் ஆய்வுகூடங்களில் உள்ள மென்பொருள்களையும் அவற்றின் உரிமங்களையும் கணக்கெடுத்தல் வேண்டும்; பெறுகையின்போது கட்டற்ற மாற்றுகளையும் எழுத்தில் ஒப்பிடல் வேண்டும்; பாடவிதானத்திற் பண்டத்தின் பெயரை நீக்கித் திறனின் பெயரை எழுதல் வேண்டும்; பேணுதற்கு நிரந்தரப் பதவியொன்றை ஒதுக்கல் வேண்டும். இக்கணக்கெடுப்பின் பின் ஒரு துறை தனியுரிமை மென்பொருளையே விலைகொடுத்துத் தெரிவுசெய்யுமாயின், அதுவும் மதிக்கத்தக்க முடிவே. கள்ளப் பிரதியின் நிழலில், எதையும் தெரிவுசெய்யாமலே, அறிவின் மூலத்தை ஆராயுமாறு மாணவருக்குப் போதிப்பது ஒரு பல்கலைக்கழகத்துக்குத் தகுவதன்று.