குணம் யாருடையது, மாற்றம் எதில்?

ஆட்டக்களத்தில் எழும் மோதல் ஒரு வீரரின் உண்மைக் குணத்தை வெளிக்கொணர்கிறது என்ற பொதுக்கருத்து இலங்கைச் சுழற்பந்துவீச்சாளர் முத்தையா முரளிதரனைப் பொறுத்தவரை பாதியளவே பொருந்துகிறது. பந்தை வீசாமல் எறிகிறார் என்று அவர்மீது எழுந்த குற்றச்சாட்டில் குணம் வெளிப்பட்டது அணித்தலைவர் அர்ஜுன ரணதுங்கவிடமே, முரளியிடம் வளர்ந்ததோ பந்துவீச்சு.

1995 டிசம்பர் 26 அன்று மெல்பர்ன் டெஸ்டில் நடுவர் டரல் ஹெயார் முரளியின் பந்துகளை ஏழு முறை ‘நோ போல்’ என அறிவித்தார். மடங்கிய முழங்கையைப் பந்தை விடும் தறுவாயில் நிமிர்த்தினால் அது வீச்சாகாது, எறிதலாகும் என்பது அன்றைய விதி. ரணதுங்க அவரை மறுமுனைக்கு மாற்றியபோது அங்கு நின்ற நடுவர் ஸ்டீவ் டன் ஒரு பந்தையும் குறைகூறவில்லை. அந்த முழங்கை பிறவியிலேயே முழுமையாக நிமிராதது என்பதும், எறிவதுபோன்ற தோற்றம் கண்மயக்கே என்பதும் 1996ஆம் ஆண்டுப் பரிசோதனைகளில் தெரியவந்தன.

சந்தேகத்துக்குள்ளான பந்துவீச்சாளர் பொதுவாகச் சுழற்சியைக் குறைத்துக்கொண்டு பாதுகாப்பாக வீசத் தொடங்குவார். முரளியோ 1998 ஓகஸ்டில், நாணயச் சுழற்சியில் வென்ற ரணதுங்க இங்கிலாந்தை முதலில் துடுப்பெடுத்தாட அழைத்த ஓவல் டெஸ்டில், முதல் இன்னிங்ஸில் 155 ஓட்டங்களுக்கு 7 விக்கெட்டுகளையும் இரண்டாவதில் 65 ஓட்டங்களுக்கு 9 விக்கெட்டுகளையும் வீழ்த்தினார். எஞ்சிய ஒரு விக்கெட்டும் ரன் அவுட்டாகவே விழுந்தது. இரு இன்னிங்ஸிலுமாக அவர் வீசிய ஓவர்கள் 113ஐத் தாண்டின என்பதே விக்கெட்டுகளைவிடக் கவனிக்கத்தக்கது.

1999 ஜனவரி 23 அன்று அடிலெயிட்டில் நடுவர் ரொஸ் எமர்சன் மீண்டும் முரளிக்கு ‘நோ போல்’ எனக் கையை நீட்டியபோது, ரணதுங்க அணியை எல்லைக்கோடுவரை அழைத்துச் சென்றார். ஆட்டம் பின்னர் தொடர்ந்து, இலங்கை 303 என்ற இலக்கை ஒரு விக்கெட் மீதமிருக்க எட்டினாலும், தோள்கள் உரசிய அந்த ஆட்டத்தில் ஆட்டப்பண்பு சேதமுற்றது என்பதை மறைக்க வேண்டியதில்லை. நடுவரின் தீர்ப்பே முடிவு என்ற ஆட்டமரபை மீறியதற்காக ரணதுங்கவுக்குப் போட்டிக் கட்டணத்தில் 75 வீத அபராதமும், ஒத்திவைக்கப்பட்ட ஆறு போட்டித் தடையும் விதிக்கப்பட்டன. அவர் காத்து நின்றது, தேயிலைத் தோட்டத்துக்குத் தொழிலாளியாக வந்த ஒருவரின் பேரனை.

முரளியைச் சலனமற்ற முனிவராகக் காட்டுவதும் பிழை. அவுஸ்திரேலியப் பிரதமர் ஜோன் ஹவார்ட் 2004இல் அவரை எறிபவர் என்று குறிப்பிட்டதையடுத்து, அவ்வாண்டு அந்நாட்டுச் சுற்றுப்பயணத்தை அவர் தவிர்த்தார். அதே ஆண்டில் அவரது ‘தூஸ்ரா’, அதாவது வழமைக்கு எதிர்த்திசையில் திரும்பும் பந்து, சந்தேகத்துக்குள்ளானது. பெரும்பாலான பந்துவீச்சாளர்களின் முழங்கையும் ஓரளவு நிமிர்வது ஆய்வுகளில் தெரிய, 2005இல் அனைவருக்கும் 15 பாகை என்ற பொது வரம்பு வந்தது. 2014இல் இலங்கையின் சசித்ர சேனாநாயக்க தடைசெய்யப்பட்டது அவ்வரம்பைக் கொண்டு ஆய்வுகூடத்தில் எடுத்த அளவீட்டின்படியே; அங்கு எந்த அணித்தலைவரும் எல்லைக்கோடுவரை நடக்க வேண்டியிருக்கவில்லை.